"ஒன்றுமில்லை" என்கிறாள்!

கிளைக் கூட்டம் முடிந்து தோழர் வீடு திரும்புகிறார். மணி பத்தரை. கதவைத் தட்டுகிறார், துணைவி திறக்கிறாள். தட்டை வைக்கிறாள், சோற்றைப் போடுகிறாள், குழம்பை ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, வழக்கம்போல் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசவில்லை. சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். நெற்றியில் வியர்வை. மார்கழிக் குளிரில் வியர்வை!

"உடம்புக்கு என்ன?" என்கிறார்.

"ஒன்றுமில்லை" என்கிறாள்.

"ஒன்றுமில்லாமலா இப்படி வேர்க்கிறது?"

"வயசாச்சு இல்லீங்களா! நீங்க சாப்பிடுங்க."

அவர் சாப்பிடுகிறார். எழுந்து கை கழுவுகிறார். கழுவியது கையை மட்டுமல்ல. கேட்ட கேள்வியையும் சேர்த்துத்தான்!

அந்தத் தோழர் கொடியவரா? இல்லை. குடிப்பவரல்லர், அடிப்பவரல்லர், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பவர். மேடையிலே பெண்ணுரிமை பேசப்படும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டுபவர். ஆனால் அவருக்குத் தெரியாது - நாற்பத்து நான்கு வயதான தன் துணைவிக்கு ஓராண்டாக மாதவிலக்கு முறை தவறிவிட்டது என்பது. ஒரு முறை இருபதாம் நாளே வந்துவிடுகிறது. மறுமுறை இரண்டு மாதம் தள்ளிப்போகிறது. வந்துவிட்டாலோ பத்து நாள் பெருக்கெடுக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். குழாயடியில் கூட நின்ற பெண்ணுக்குத் தெரியும். இருபது ஆண்டுக்கு மேல் கூட வாழ்ந்தவருக்கு மட்டும் தெரியாது!

தோழர்களே! இது ஒரு வீட்டுக் கதையல்ல. மில் தொழிலாளியின் வீட்டிலும், மூட்டை தூக்குபவர் வீட்டிலும், பஸ் ஓட்டுபவர் வீட்டிலும், பத்திரிகை எழுதுகிற நம் வீட்டிலும் நடப்பது. "விலைவாசி இருக்கிறது, கூலி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கா ஒரு தலையங்கம்?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கூலி உயர்வு கேட்பது எதற்காக? குடும்பம் நலமாக வாழ்வதற்காக. அந்தக் குடும்பத்தைத் தாங்குகிற தூண் உள்ளுக்குள்ளே அரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது, போனஸ் கணக்குப் பார்ப்பதைவிடக் கீழான வேலையா? இல்லை என்கிறோம். ஆகவேதான் எழுதுகிறோம்.

இயற்கை செய்வது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வருவது பெரும்பாலும் நோயல்ல, பேயல்ல, பிறர் கண்பட்டதுமல்ல. தாயத்துக் கட்டவேண்டியதில்லை, மந்திரித்த விபூதி தேவையில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரண்டு சினைப்பைகளிலும் பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமெய்தும்போது அவற்றில் எஞ்சுபவை மூன்று, நான்கு இலட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ நானூறுதான். மற்றவை தாமே தேய்ந்து மறைகின்றன. கிடங்கில் இருப்புக் குறையக் குறைய, பட்டறையில் வேலை தடுமாறுமல்லவா? அதே தடுமாற்றந்தான் இங்கும். ஒரு மாதம் முட்டை முதிர்கிறது, மறுமாதம் முதிரவில்லை.

முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் போதிய அளவு சுரக்கும். கருப்பையின் உட்பூச்சை அளவோடு நிறுத்தி, உரிய நாளில் ஒழுங்காக உதிரச் செய்வது அதுதான். ஈஸ்ட்ரோஜன் என்னும் இன்னொன்றோ அந்தப் பூச்சை வளர்ப்பது. முட்டை வெளிவராத மாதத்தில் வளர்ப்பவர் இருக்கிறார், நிறுத்துபவர் இல்லை! பூச்சு தடித்துக்கொண்டே போகிறது, நாள் தள்ளுகிறது, பிறகு ஒருநாள் தாறுமாறாக உதிர்கிறது - அதிகமாக, அதிக நாள். இதுதான் "முறை தவறியது" என்பதன் உட்பொருள்.

இந்தப் பருவம் பொதுவாக நாற்பதுகளில் தொடங்குகிறது. சிலருக்கு ஓரிரண்டு ஆண்டு; பலருக்கு நான்கைந்து ஆண்டு; சிலருக்கு எட்டாண்டு வரையிலும் நீள்வதுண்டு. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமலிருந்தால்தான் "நின்றுவிட்டது" என்று மருத்துவர் கூறுவர். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில்தான் திடீரென்று உடல் கொதிப்பது, நடு இரவில் நனைந்து விழிப்பது, தூக்கம் கெடுவது, சின்னச் சொல்லுக்கும் சினம் பொங்குவது, காரணமின்றிக் கண்ணீர் வருவது எல்லாம். "இவளுக்கு வரவர வாய் நீளமாகிவிட்டது" என்று குறை கூறும் கணவன்மார்களே! நீண்டது வாயல்ல, உறக்கமில்லாத இரவு!

இன்னொன்றும் கூறிவிடுவோம். முறை தவறிவிட்டதால் கருத்தரிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். கருத்தடை அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கு இந்தப் பருவத்திலும் கரு உண்டாகலாம். நாற்பத்தைந்து வயதில், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில், தலைகுனிந்து நின்ற தாய்மார்கள் நம் தெருக்களில் இல்லையா?

எது இயற்கை? எது எச்சரிக்கை?

இயற்கை என்றதும், "அப்படியானால் விட்டுவிடலாம்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள்! மழை இயற்கை, அணை உடைப்பதும் அதே மழைதான். மழை பெய்வதைக் கண்டு நடுங்கவேண்டாம். மட்டம் ஏறுவதைக் கண்டு உறங்கவும் வேண்டாம்.

மட்டம் ஏறுவதன் அடையாளங்கள் எவை? ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி, ஒரு நாப்கின் என்று மணிக்கணக்கில் நனைவது. ஏழு நாளுக்கு மேல் நீள்வது. இருபத்தொரு நாளுக்குள் மீண்டும் மீண்டும் வருவது. பெரிய பெரிய கட்டியாகப் போவது. இடைநாட்களில் கறைபடுவது. கணவன் மனைவி கூடியபின் இரத்தம் காண்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டாயினும் மீண்டும் காண்பது! இந்தக் கடைசி அடையாளத்துக்குத் தவணை கிடையாது, தாமதம் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகிறோம்? பெரும்பாலோருக்குச் சுரப்புநீரின் தடுமாற்றந்தான் காரணமாக இருக்கும். கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம். சிறு சதை வளர்ந்திருக்கலாம். தைராய்டு கோளாறாக இருக்கலாம். ஆனால் சிலருக்கு - சிலருக்குத்தான், ஆயினும் அந்தச் சிலரில் நம் வீட்டுப் பெண் இருக்கக்கூடாது என்று யார் உறுதி கூற முடியும்? - கருப்பையிலோ கருப்பை வாயிலோ புற்றுநோயின் முதல் ஓசையாக அது இருக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் முளைப்பதல்ல; பல ஆண்டு மெல்ல மெல்ல வளர்வது. முன்கூட்டிப் பார்த்தால் தடுக்கலாம். தொடக்கத்திலே கண்டால் குணமாக்கலாம். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ எண்பதாயிரம் பெண்களை அந்த நோய் கொண்டுபோயிற்று! தடுக்கக்கூடிய சாவு எண்பதாயிரம்! அவர்களிலே எத்தனை பேர் "ஒன்றுமில்லை" என்று சொன்னவர்களோ!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அடையாற்றில் 1954ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவமனை வளர்ந்தது; மருத்துவம் வளர்ந்தது. அங்கே அழைத்துச் செல்லவேண்டிய கால்கள் மட்டும் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை!

புற்றுநோய் இருக்கட்டும், அதைவிடப் பரவலான பகைவன் ஒருவன் இருக்கிறான் - இரத்தசோகை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். பாதிக்குமேல்! ஏற்கனவே வற்றிய கிணறு. அதிலே பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இறைத்தால் என்னாகும்? படி ஏறினால் மூச்சிரைக்கிறது; பானை தூக்கினால் தலை சுற்றுகிறது; நெஞ்சு படபடக்கிறது. அவள் சோம்பேறியாகிவிடவில்லை, தோழர்களே! அவளுடைய இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

வாயைக் கட்டியது யார்?

இவ்வளவும் ஆகும்வரை அவள் ஏன் சொல்லவில்லை? சொல்வதற்கு அவளுக்கு நாம் கொடுத்த சொல் என்ன?

"தூரம்" என்றோம், "தீட்டு" என்றோம், "வீட்டுக்கு விலக்கு" என்றோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை என்று ஒதுக்கிவைத்து, "இது பேசக்கூடாதது, ஆண்பிள்ளை காதில் விழக்கூடாதது" என்று பாடம் நடத்தினோம். அவளும் நல்ல மாணவி. முப்பது ஆண்டு அந்தப் பாடத்தை மறக்கவில்லை! ஒழுங்காக வந்தபோதே வாய் திறக்காதவள், ஒழுங்கு கெட்டபோதா திறப்பாள்? மூலையில் உட்கார வைத்தது உடலை மட்டுமா? சொல்லையும் சேர்த்தல்லவா உட்கார வைத்தோம்!

மூக்கில் இரத்தம் வந்தால் ஊரே ஓடி வருகிறது. பல்லில் இரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் போகிறோம். பன்னிரண்டு நாள் இரத்தம் போனால் மட்டும் பாய்க்கடியில் மறைக்கிறோம்! இது நாணமா, நாகரிகமா, அல்லது நாமே நம் வீட்டுக்கு வெட்டிக்கொள்ளும் குழியா?

அலட்சியம் ஒரு பக்கம், அரிவாள் மறுபக்கம்!

பேசாமலிருப்பதன் விளைவு அலட்சியம் மட்டுமென்று எண்ணிவிடவேண்டாம். பேசாத இடத்திலேதான் பிறர் வந்து முடிவு செய்கிறார்கள்.

மராட்டிய மாநிலத்திலே பீட் என்றொரு மாவட்டம். வறண்ட பூமி. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிக் கரும்புக் காட்டுக்குப் போகின்றன. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அலகு. அந்த அலகுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "கோய்தா". கோய்தா என்றால் அரிவாள்! மனிதர் இருவர், கணக்கில் ஓர் அரிவாள்! முன்பணம் வாங்கியாயிற்று, ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கில் வயிறு வலிக்கிறதா? அபராதம். இரத்தப்போக்கு அதிகமா? அபராதம். கழிப்பிடமில்லை, தண்ணீரில்லை, ஓய்வில்லை. முடிவு என்ன? "கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்றார்கள்.

2019ஆம் ஆண்டு இது வெளிச்சத்துக்கு வந்து, மாநில அரசு குழு அமைத்துக் கணக்கெடுத்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரைக் கேட்டார்கள். அவர்களில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தார்கள்! ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர்! இந்தியா முழுவதற்குமான கணக்கெடுப்பிலோ 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான். பீட் பெண்களுக்கு மட்டும் இயற்கை அவ்வளவு பகையா? இல்லை! பகையாக நின்றது அபராதச் சீட்டு. பகையாக நின்றது அச்சம். "எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்" என்ற ஒரு சொல் போதும், கையில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போவதற்கு!

கருப்பை நீக்கும் அறுவையே தவறு என்று நாம் கூறவில்லை. சிலருக்கு அது தேவை, உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் அது முதற்படியல்ல, கடைசிப் படிகளில் ஒன்று. பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே வழிகள் இருக்கின்றன: இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, சுரப்புநீரைச் சீராக்கும் மருந்து, கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம், இரும்புச்சத்து. கருப்பையோடு சினைப்பையையும் சேர்த்து இளவயதிலேயே எடுத்துவிட்டால் எலும்பு முன்கூட்டியே தேயும், இதயநோய்க்கும் இடமுண்டாகும். தேவையற்ற கருப்பை அறுவைகளை எதிர்த்து மருத்துவர் ஒருவர் 2013ஆம் ஆண்டு தொடுத்த பொதுநல வழக்கில், அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஆணையிட்டது. நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு நிலை முற்றியது என்பதுதான் பொருள்!

ஆக, இரண்டு கொடுமைகள். ஒன்று, "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவது. மற்றொன்று, "ஒரேயடியாக எடுத்துவிடு" என்று வெட்டிவிடுவது. இரண்டுக்கும் தாய் ஒன்றே - அறியாமை. அவளிடம் கேட்காத நம் அறியாமை!

நாம் செய்யவேண்டியது

ஊர்வலம் வேண்டாம், தோழர்களே. உள்ளூரப் பரிவு வேண்டும். தீர்மானம் வேண்டாம்; தினசரிக் கவனம் வேண்டும்.

வீட்டுச் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. அதிலே பால் கணக்குக் குறிக்கிறோம். சீட்டுத் தவணை குறிக்கிறோம். மாநாட்டுத் தேதிக்குச் சிவப்பு மையால் வட்டமே போடுகிறோம். அவளுக்கு வரும் நாளையும் நிற்கும் நாளையும் அதே நாட்காட்டியில் ஒரு புள்ளியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதப் புள்ளிகள் போதும். மருத்துவரின் பாதிக் கேள்விக்கு அந்தத் தாளே விடை சொல்லும்.

மேலே கூறிய எச்சரிக்கை அடையாளம் ஒன்று தெரிந்தாலும், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அரசு மருத்துவமனை இருக்கிறது. முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ச் சோதனை அங்கே கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சில நிமிட வேலை. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தோழர்களே! அந்த அட்டை உங்கள் காய்ச்சலுக்கு மட்டுமல்ல. உங்கள் துணைவியின் மருத்துவத்துக்கும் உரிமைச் சீட்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம், உரிமையோடு போங்கள்.

போகும்போது அவளைத் தனியே அனுப்பாதீர்கள். ஒருநாள் கூலி போனாலும் கூடப் போங்கள். இரத்த அளவு பார்க்கச் சொல்லுங்கள் - பெண்களுக்குப் பன்னிரண்டு கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. தைராய்டு பார்க்க வேண்டுமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கருப்பையை எடுக்கவேண்டும் என்று யாரேனும் கூறினால், "ஏன்? வேறு வழி என்ன? சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள்; இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கி இரத்தத்தை நிறுத்தும் வேலை மட்டும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்கவேண்டாம்; டீ அதன் சத்தை உடலில் சேரவிடாது. கீரையும் முருங்கையும் அவள் சமைக்கிறாள். அவள் தட்டுக்கும் அது வருகிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறி, அடியில் மிஞ்சியதைத் தின்பவளுக்கு எங்கிருந்து இரத்தம் ஊறும்?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல். பெண் தொழிலாளருக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கூறியது. கடைகளில் நின்றே வேலை செய்வோருக்கு உட்காரும் உரிமை தந்து 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் செய்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? கழிப்பிடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, இரண்டு முறை கூடுதலாகப் போனதற்குக் கூலி பிடிக்கிறார்களா என்று கேட்பதும் சங்கத்தின் வேலைதான். நாற்பத்தைந்து வயதுப் பெண் தொழிலாளி நாணத்தால் கேட்கமாட்டாள். அவளுக்காக நாம் கேட்போம்.

இறுதியாக, அந்த வீட்டுக்கே திரும்புவோம். மணி பத்தரை. சுவரோரம் அவள் சாய்ந்திருக்கிறாள். "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறீர்கள். "ஒன்றுமில்லை" என்கிறாள்.

அங்கே எழுந்து கை கழுவப் போகாதீர்கள். உட்காருங்கள். "எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். முதலில் அவள் திகைப்பாள், பிறகு தலைகுனிவாள், பிறகு சொல்வாள். முப்பது ஆண்டு மூலையில் உட்கார்ந்திருந்த சொல் அன்றுதான் எழுந்து நடக்கும். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்கு நடங்கள்.

மேடையில் தட்டிய கைக்கு, அதுதான் பொருள்!